கடலில் ஒரு கூட்டுக் குடித்தனம்

'காலனி' என்ற சொல்லைப் புதுச்சேரிவாசிகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. 1674-ல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே காலூன்றிய காலம் முதல் 1954 நவம்பர் 1-ந் தேதி பிரெஞ்சு ஆட்சி கைமாறிய வரையில், நடுவே டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஊரைப் பிடித்து வைத்திருந்த சில வருஷங்கள் போக, அச்சொல்லின் பொருளை இவ்வூரார் அனுபவித்தே அறிந்தவர்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதற்கு இன்னொரு கசப்பான பொருளும் ஏறிவிட்டது: ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் குடியிருப்பு என்று. அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து அச்சொல்லை நீக்கப் போவதாகத் தமிழக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டசபையில் அறிவித்ததை நேயர்கள் படித்திருப்பார்கள்.

விலங்கு நூலாருக்கு இந்தக் கசப்பெல்லாம் தெரியாது. அவர்கள் 'காலனி' என்று சொல்வது கடலிலுள்ள ஒரு விசித்திரமான குடித்தனத்தை. நூற்றுக்கணக்கான சிற்றுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே பிறந்து, ஒட்டியபடியே வாழ்ந்து, பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே பிராணியாகத் தோன்றும் ஏற்பாடு அது. இந்த ஏற்பாட்டைக் கண்டு சித்திரக்காரர்களும் எழுத்தாளர்களும் மயங்குவது நெடுநாளைய வழக்கம். இப்போதோ, செல்பேசி வழியே கூடிப் பேசும் நம்முடைய இணையக் கூட்டங்களுக்கு அதை உவமையாக்குவது ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. உவமை அழகாக இருக்கிறது. அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதுதான் கேள்வி.

முதலில் பிராணியைப் பார்ப்போம். நம் சோழமண்டலக் கரையில், கடற்காற்று பலமாக வீசும் சில நாட்களில், நீலமும் ஊதாவும் கலந்த கண்ணாடிப் பை போன்ற ஒன்று ஒதுங்கிக் கிடக்கும். மீனவர்கள் பொதுவாகச் 'சொறி' என்று சொல்லி ஒதுங்கிப் போகும் கூட்டத்தில் இதுவும் சேர்ந்துவிடும். ஆனால் இது மற்றச் சொறிகளைப் போல ஒற்றைப் பிராணி அன்று. இதற்கு ஐரோப்பிய மாலுமிகள் வைத்த பெயர் 'போர்த்துக்கீசியப் போர்க்கப்பல்'. பாய் விரித்த பழைய கப்பல் போல நீர்மேல் மிதப்பதால் அந்தப் பெயர். நம் கடலை முதலில் பீரங்கியால் ஆண்டவர்களின் பெயரே இதற்கும் வாய்த்தது ஒரு வேடிக்கைதான். உலகெங்கும் உள்ளது ஒரே இனம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். நான்கு தனி இனங்கள் என்று 2025-ல்தான் விஞ்ஞானிகள் பிரித்துச் சொன்னார்கள்.

இதன் வீட்டு நிர்வாகம் கவனிக்கத்தக்கது. மேலே மிதக்கும் பை ஒருவர் பொறுப்பு. அதற்குள் நிரம்பியிருக்கும் காற்றில் நச்சு வாயுவான கார்பன் மோனாக்ஸைடும் உண்டு. கீழே சில உயிர்கள் வாயும் வயிறுமாக மட்டும் இருக்கின்றன. சாப்பிடுவது தவிர வேறு வேலை அறியாதவை. சில உயிர்களுக்கு நீண்ட கொடிகள். 30 மீட்டர் வரையில் கூட நீளும். அவற்றின் தொழில் கொட்டுவதும் இரையைப் பிடித்து மேலே அனுப்புவதும். பிடித்ததைத் தின்ன அவற்றுக்கு வாயே கிடையாது. இன்னும் சிலவற்றின் வேலை இனப்பெருக்கம் ஒன்றுதான். வாய்க்காரர் உண்பது கொட்டுகிறவருக்கும் போய்ச் சேர்கிறது. கணக்கு வழக்கு இல்லை, பாகப்பிரிவினை வழக்கும் இல்லை. நம் கூட்டுக் குடும்பங்களில் மருமகள்மார் கேட்டால் பெருமூச்செறிவார்கள்.

உறுப்பும் இதுவே, உயிரும் இதுவே என்பதால் இத்தகைய ஒவ்வொன்றையும் 'உறுப்புயிர்' என்று சொல்லலாம். சைபனோபோர் என்று விஞ்ஞானிகள் அழைக்கும் இந்தக் குலத்தில், உறுப்புயிர்களெல்லாம் ஒரே முட்டையிலிருந்து முளைவிட்டுக் கிளைத்தவை. இந்தச் செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். (கரையில் ஒதுங்கிச் செத்துக் கிடந்தாலும் அதன் கொடிகள் கொட்டும். குழந்தைகளைத் தொடவிடாதீர்கள்.)

இந்தப் பிராணியைக் கொண்டு மனித சமூகத்தைப் பேசத் தொடங்கியவர்களில் ஒருவர், நாடு கடந்து வாழ நேர்ந்த அரசியல்வாதி என்பது பலருக்குத் தெரியாது. அவர் கார்ல் ஃபோக்ட் என்ற ஜெர்மானிய விலங்கு நூல் பேராசிரியர். 1848-ல் ஐரோப்பாவெங்கும் எழுந்த புரட்சியில் ஈடுபட்டு, பிராங்க்பர்ட் பாராளுமன்றத்தில் உட்கார்ந்து, புரட்சி தோற்றதும் உத்தியோகத்தை இழந்து வெளியேறினார். மத்தியதரைக் கடலோரத்தில் நீஸ் நகரத்தில் தங்கி இந்தச் சைபனோபோர்களை ஆராய்ந்தார். 1851-ல் அவர் வெளியிட்ட 'விலங்கு அரசுகள் பற்றிய ஆராய்ச்சிகள்' என்ற நூலில் விலங்கு நூலும் அரசியல் நையாண்டியும் கலந்து கிடக்கின்றன. அரசர்களை நேரே வையமுடியாதவன் கடற்சொறியைப் பற்றி எழுதுவதுபோல வைதான் என்று கொள்ளலாம். சொந்த ஆட்சியாளருக்குத் தப்பி அந்நியக் கடற்கரையில் உட்கார்ந்து எழுதுவது புதுச்சேரிக்குப் புதிய சமாசாரம் அன்று. 1908-ல் சென்னையை விட்டு இங்கே வந்த பாரதியாரும், 1910-ல் வந்த அரவிந்தரும், வ. வெ. சு. ஐயரும் அந்த வரிசையைச் சேர்ந்தவர்களே.

ஃபோக்ட் நையாண்டி செய்ததை எர்ன்ஸ்ட் ஹெக்கல் மெய்யாகவே நம்பினார். அவரும் ஜெர்மானியர், விஞ்ஞானி, அதோடு சித்திரக்காரர். 1881-ல் இலங்கைக்கு வந்து, தெற்கே வெலிகம என்ற மீனவர் ஊரின் தங்கும் விடுதியையே ஆராய்ச்சிக்கூடமாக்கிக்கொண்டு கடற்பிராணிகளைச் சேகரித்தார். 1899 முதல் 1904 வரை பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட 'இயற்கையின் கலை வடிவங்கள்' என்ற நூலில் 100 படங்கள். அவற்றில் சைபனோபோர்கள் தீட்டப்பட்ட படங்களைப் பார்த்தால், கோயில் திருவிழாவில் தொங்கும் சரவிளக்குகளும் பூச்சரங்களும் நினைவுக்கு வரும். அத்தனை ஒழுங்கு, அத்தனை சமச்சீர். உண்மையான கடல் அவ்வளவு சீராக இராது என்று அப்போதே முணுமுணுத்தவர்கள் உண்டு.

அந்த ஒழுங்கின் மேல் அவருக்கிருந்த மோகம் படத்தோடு நிற்கவில்லை. 'இயற்கையிலும் மனித வாழ்விலும் வேலைப் பிரிவினை' என்ற தலைப்பில் 1868-ல் அவர் ஒரு சொற்பொழிவு செய்தார். கடலில் இந்த உறுப்புயிர்கள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு முன்னேறுவது போலவே மனித நாகரிகமும் முன்னேறுகிறது என்பது அதன் சாரம். செடிகொடிகளை உயிரணுக்களின் குடியரசு என்றும், உயர்ந்த விலங்குகளை உயிரணுக்களின் முடியாட்சி என்றும் வேறிடங்களில் சொன்னார். மனித இனங்களை உயர்வு தாழ்வாக ஏணிகட்டி அடுக்கியவரும் அவரே. அவரவருக்கு விதித்த வேலையை அவரவர் செய்து கிடப்பதே இயற்கையின் அழகு என்று ஒருவர் அழகான படம் போட்டுக் காட்டினால், நம் தேசத்தார் சற்று எச்சரிக்கையாகவே இருக்கவேண்டும். நாம் அந்தப் பாட்டை வேறு ராகத்தில் பல நூற்றாண்டுகள் கேட்டிருக்கிறோம்.

நிற்க. இணையத்துக்கு இந்த உவமை எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? 2020 மார்ச்சு மாதக் கடைசியில் நம் நாடு முழுவதும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தது நினைவிருக்கும். அதே சமயத்தில், மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்காலூ கடற்பள்ளங்களில் 'ஃபால்கோர்' என்ற ஆராய்ச்சிக் கப்பல், ஆழத்தில் சுருள் சுருளாக மிதந்த ஒரு சைபனோபோரைப் படம் பிடித்தது. வெளிச்சுற்று மட்டும் சுமார் 47 மீட்டர் என்று மதிப்பிட்டார்கள். இருண்ட நீரில் வெள்ளி நூலால் போட்ட கோலம் போன்ற அந்தப் படம் ஏப்ரல் மாதத்தில் உலகத்தின் செல்பேசிகளையெல்லாம் சுற்றி வந்தது. ஆளுக்கொரு அறையில் தனியாக உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாத கம்பியால் எல்லோரோடும் கட்டுண்டிருந்த ஜனங்கள், அதில் தங்களையே கண்டதில் ஆச்சரியம் இல்லை.

உவமை எவ்வளவு பொருந்துகிறது என்பதை அறிய, எந்தக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவையும் எடுத்துக்கொள்ளலாம். மேலே மிதந்துகொண்டு கூட்டத்துக்குப் பெயரும் படமும் கொடுப்பவர் ஒருவர். அவருக்கு வேறு வேலை கிடையாது. எது வந்தாலும் விழுங்கிவிட்டு ஒரு வார்த்தையும் பேசாதவர்கள் பாதிப் பேர். சிற்றப்பா ஒருவர் கொட்டுவதற்கென்றே அவதரித்திருப்பார். 'பார்வர்டு' செய்து வதந்தியைப் பெருக்குவதே தொழிலாகக் கொண்ட பெரியம்மா ஒருவரும் கட்டாயம் உண்டு. தனித்தனியே சந்தித்தால் இவர்களெல்லோரும் நல்ல மனிதர்கள். காப்பி கொடுத்து உபசரிப்பார்கள். குழுவுக்குள் நுழைந்ததும் ஆளுக்கொரு உறுப்பாகிவிடுகிறார்கள்.

சிரிப்பு இதோடு போதும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கருகே நடந்ததைப் பத்திரிகைகளில் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பிள்ளை பிடிக்கும் கூட்டம் வடக்கேயிருந்து வந்திருக்கிறது என்ற பொய்ச் செய்தி செல்பேசிக்குச் செல்பேசி தாவிக்கொண்டிருந்த சமயம். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடிக்கொண்டு ஒரு குடும்பம் அந்தப் பக்கம் போயிற்று. வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்ததைப் பார்த்து ஜனங்கள் சந்தேகித்தார்கள். கூட்டம் கூடியது, அடித்தது. 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அவ்வருஷம் தேசத்தின் பல பாகங்களிலும் இப்படி நடந்தது. ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு செய்தது.

இங்கேதான் உவமை முறிகிறது. கடலில் கொட்டும் கொடியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது. கொட்டாமல் இருக்க அதற்குத் தெரியாது. போளூர்ப் பக்கத்தில் கூடியவர்கள் கொடிகள் அல்லர். ஒவ்வொருவரும் தனித்தனித் தாய் வயிற்றில் பிறந்தவர். செய்தியை அனுப்பிய ஒவ்வொரு விரலும் அனுப்பாமல் இருந்திருக்கலாம். போலீஸார் கைது செய்ததும் 'கூட்டம்' என்ற ஒரு பிராணியை அன்று. பெயரும் விலாசமும் உள்ள ஆட்களை. 'இணையம் ஓர் உயிர். நாமெல்லாம் அதன் உறுப்புகள்' என்று சொல்லும்போது கேட்க இனிமையாக இருக்கிறது. அந்த இனிமையில் பொறுப்பு என்ற ஒன்று கரைந்து போய்விடுகிறது. கூட்டம் நல்லது செய்தபோதும் அது உறுப்பாக நின்று செய்யவில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, முன்பின் அறியாதவர்கள் செல்பேசியில் செய்தி பரிமாறிச் சோறும் பாலும் சேர்த்தார்கள். மீனவர்கள் படகைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். படகைக் கொண்டுவரும்படி அவர்களுக்கு எந்த முட்டையிலும் எழுதியிருக்கவில்லை.

இந்தக் கேள்விக்குப் புதுச்சேரியில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னமே பதில் எழுதப்பட்டிருக்கிறது. அரவிந்தர் இவ்வூரிலிருந்து 1914 ஆகஸ்டு 15 முதல் 'ஆர்யா' என்ற மாதப் பத்திரிகையை நடத்தினார். ஐரோப்பா முழுவதும் யுத்தத்தில் எரிந்துகொண்டிருந்தபோது, 1915 முதல் 1918 வரை, மனித குலம் ஒன்றுபடுவதைப் பற்றி அதில் தொடர்ந்து எழுதினார். மனிதர் ஒன்றுபட வேண்டும், ஆனால் எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கும் அரசாங்க யந்திரத்தால் வரும் ஒற்றுமை உயிரை உறிஞ்சிவிடும், தனி மனிதனுடைய சுதந்திரமும் வேற்றுமையும் இல்லாத ஒற்றுமை நிலைக்காது என்பது அவருடைய வாதம். ஹெக்கலுடைய படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய கட்டுரைகள் அவை.

பதில் ஏட்டிலே மட்டும் இல்லை. புதுச்சேரியை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18-ந் தேதி, பிரெஞ்சுப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று வாக்களித்தார்கள். சேர வேண்டுமென்றவர்கள் 170 பேர். வேண்டாமென்றவர்கள் 8 பேர். அந்த 170-ஐ நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த எட்டும் எண்ணப்பட்டது, எழுதப்பட்டது, இன்றும் எடுத்துச் சொல்லப்படுகிறது. எந்தச் சைபனோபோரிலும் எட்டு உறுப்புகள் எழுந்து 'எங்களுக்குச் சம்மதமில்லை' என்று சொன்னதில்லை.

அப்படியானால் கடற்பிராணி உவமையையே கடலில் போட்டுவிடலாமா? வேண்டாம். அதே கடலிலிருந்து இன்னும் பொருத்தமான ஒன்றை எடுத்துக் கலையாக்கியிருக்கிறார்கள் இரண்டு சகோதரிகள். அது பவளம்.

பவளமும் சிற்றுயிர்களின் காலனிதான். நம் வீட்டுப் பெண்கள் கழுத்தில் அணியும் சிவப்புப் பவளமணி, மத்தியதரைக் கடலில் வாழ்ந்த ஒரு கூட்டுக் குடித்தனத்தின் எலும்பு. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற நூல், முசிறியில் வந்து இறங்கிய சரக்குகளில் பவளத்தையும் சேர்த்துச் சொல்கிறது. மன்னார் வளைகுடாவில், இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையேயுள்ள 21 தீவுகளைச் சுற்றி இருப்பவை வேறு வகை. அவை பாறை கட்டும் பவளங்கள். பாறை என்பது ஒரே காலனி அன்று. வெவ்வேறு இனங்கள், வெவ்வேறு முட்டையில் பிறந்தவை, முன்னவர் விட்டுச் சென்ற சுண்ணாம்பின்மேல் பின்னவர் வீடு கட்டிக்கொண்டு போவதால் எழும்பியது.

ஆஸ்திரேலியாவில் பிறந்து அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் குடியேறிய மார்கரெட் வெர்த்தைம், கிறிஸ்டின் வெர்த்தைம் என்ற இந்தச் சகோதரிகள், தங்கள் பிறந்த மாகாணத்துக் கடலோரப் பவளப்பாறைகள் வெளிறிச் சாவதைக் கண்டு மனம் வருந்தி, 2005-ல் நூலினால் ஒரு பவளப்பாறை பின்னத் தொடங்கினார்கள். நம் பாட்டிமார் மேஜை விரிப்புக்கும் தலையணை ஓரத்துக்கும் போட்ட அதே குரோஷாப் பின்னல்தான். இதற்கு வழிகாட்டியது ஒரு கணித விஷயம். டைனா டைமினா என்ற லாட்விய நாட்டுக் கணித அம்மையார் 1997-ல், காகிதத்தில் சரியாகக் காட்டமுடியாத ஒருவகை வளைந்த பரப்பைக் குரோஷாவினால் பின்னிக் காட்டினார். வரிசைக்கு வரிசை கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் விளிம்புக்கு இடம் போதாமல் அலை அலையாக மடியும். கீரை இலையின் ஓரமும் பவளத்தின் மடிப்பும் அந்த வடிவந்தான்.

சகோதரிகள் தங்கள் இணையதளத்தில், விரும்புகிறவர்கள் சேரலாம் என்று அறிவித்தார்கள். பிறகு நடந்ததை அவர்களே எதிர்பார்க்கவில்லை. ஒருவரையொருவர் கண்டிராத பெண்கள், பெரும்பாலும் வீட்டு வேலைகளுக்கு நடுவே, பின்னி அனுப்பினார்கள். 50-க்கு மேற்பட்ட ஊர்களில் உள்ளூர்ப் பாறைகள் முளைத்தன. இதுவரை பங்கேற்றவர்கள் 20,000 பேருக்கு மேல். 2019-ல் வெனிஸ் நகரத்துப் பெரிய கலைக் கண்காட்சியில் இது இடம் பெற்றது. 2022-ல் ஜெர்மனியில் பாடன்-பாடன் நகரத்தில் வைத்தபோது, சுமார் 4,000 பேர் அனுப்பிய சுமார் 40,000 நூற்பவளங்கள் சேர்ந்தன. பின்னியவர்களின் பெயர்களையும் கண்காட்சியில் பட்டியலிட்டார்கள். உறுப்புயிர்களுக்குப் பெயர் கிடையாது, இவர்களுக்கு உண்டு.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. முதலில் சகோதரிகள் கணித விதிப்படி, இத்தனை கண்ணிக்கு ஒன்று என்று பிசகாமல் பின்னினார்கள். வடிவம் சரியாக இருந்தது; உயிர் இல்லை. பின்னர் விதியைச் சற்றே மீறி, ஓரிடத்தில் கூட்டியும் ஓரிடத்தில் குறைத்தும் பின்னியபோதுதான் கடலில் உள்ளது போன்ற பவளம் கையில் வந்தது. ஒவ்வொருவர் கையும் வெவ்வேறு விதமாக மீறியதால், பாறையில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. ஹெக்கலுடைய சரவிளக்கு ஒழுங்குக்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம்.

நம் பக்கத்திலும் இத்தகைய கூட்டம் சேராமல் இல்லை. பேஸ்புக் மூலம் ஒருவரையொருவர் அறிந்துகொண்ட பெண்கள் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற பெயரில் கூடி, சதுரம் சதுரமாகப் பின்னி இணைத்து, 2016 ஜனவரி 31-ல் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை விரித்தார்கள். உலகத்தில் அதுவரை அவ்வளவு பெரியது இல்லை என்று கின்னஸ் புத்தகத்தார் பதிவு செய்தார்கள். அளவைப் பற்றி எனக்கு அவ்வளவு வியப்பில்லை. கின்னஸ் மோகம் நம்மவருக்குக் கொஞ்சம் அதிகமே. ஊசியும் நூலும் வைத்திருந்தவர்கள் தாமாக வந்து சேர்ந்தார்கள் என்பதே பெரிது. புதுச்சேரிக்கும் ஊசிவேலை அந்நியமன்று. ரோமன் ரோலண்டு வீதியில் குளுனி கன்னியர் நடத்தும் பூவேலைக்கூடத்தைப் பார்த்தவர்கள், இவ்வூர்ப் பெண்களின் விரல்களுக்கு என்ன வரும் என்பதை அறிவார்கள்.

நூற்பவளம் பின்னுவதற்கு வெனிஸுக்குப் போகவேண்டியதில்லை. ஒரு கொக்கி ஊசியும், சட்டை பின்னி மிஞ்சிப்போன கம்பளி நூல்கண்டும் போதும். இருபது சங்கிலிக் கண்ணி போட்டுக்கொண்டு, திரும்பி வரும்போது ஐந்து கண்ணிக்கு ஒரு கண்ணி வீதம் கூடுதலாகப் போடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் அப்படியே. ஆறேழு வரிசைக்குள் ஓரம் தானாக அலைபாயத் தொடங்கும். ஐந்துக்குப் பதில் இரண்டுக்கு ஒன்று என்று கூட்டினால் கோழிக்கொண்டைப் பூப்போலச் சுருண்டுகொள்ளும். நடுவில் கணக்குத் தவறினால் பிரிக்க வேண்டாம். அப்படியே பின்னிக்கொண்டு போகலாம்.